வெளியே போக வேண்டியது யார்?

2020 மார்ச் 29
கொரோனா ஊரடங்கில் முக்கூடலில் பீடிக்கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. இலையும் தூளும் இல்லை, கூலியும் இல்லை. சுற்றிய பீடியைக் கடையில் போடப் போகிற நேரத்தில்தான் பெண்கள் மனசு விட்டுப் பேசுவார்கள். முகம் வீங்கியிருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அதுவும் போயிற்று.

ஏப்ரல் 11
புருஷன் அடிக்கிறான் என்று போன வருஷம் என்னிடம் யோசனை கேட்டு வந்தவள் கூப்பிட்டாள். "அவிய முழிச்சிட்டாவக்கா, வைக்கேன்." அவ்வளவுதான். பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசு என்று சொல்லலாம். ஒற்றை அறை வீட்டில், அடிக்கிறவன் காதுக்கு எட்டாமல் எங்கே போய்ப் பேசுவாள்?

அவளுடைய பக்கத்து வீட்டு மதினியிடம் பேசினேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005 சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, விஷயம் தெரிந்த யாரும் சமூக நல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. "நமக்கெதுக்கு பொல்லாப்பு" என்றவர், ராத்திரி அவரே சமூக நல அலுவலக எண்ணைக் கேட்டு வாங்கினார்.

மே 7
டாஸ்மாக் திறந்துவிட்டார்கள். 'குடிதான் காரணம், மற்றபடி தங்கமான பையன்' என்று எத்தனை குடும்பங்களில் கேட்டிருப்பேன்! மார்ச் 24 சாயங்காலத்திலிருந்து கடை அடைப்பு. அவள் தோள்பட்டையில் அடி விழுந்தது ஏப்ரலில். இனி யாரும் என்னிடம் பாட்டிலைக் காட்ட வேண்டாம்.

ஜூலை 3
அவளுக்காக நீதிமன்றத்தில் மனு போட்டாயிற்று. மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. கொரோனா காலத்தில் அது நடக்குமென்று எனக்கு நம்பிக்கையில்லை. காவல் நிலையத்தில் "கொஞ்ச நாள் அம்மா வீட்ல போய் இரும்மா" என்றார்களாம். பஸ் ஓடாத ஊரில், இரண்டு பிள்ளைகளோடு! அதே 2005 சட்டத்தின் 19-ஆவது பிரிவில் கணவனையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவிடலாம். அதைத்தான் கேட்டிருக்கிறோம். அவசரம் என்றால் 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவும் உண்டு.

அக்டோபர் 16
வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, மருமகளுக்கு அதில் என்ன உரிமை என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். நேற்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அங்கே அவள் குடியிருக்க உரிமை கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. மாமியார் வீட்டில் மருமகளுக்கு உரிமையில்லை என்று 2006-இல் வந்த பத்ரா தீர்ப்பு சரியல்ல என்றும் சொல்லியிருக்கிறது. வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியையும் பார்க்க வேண்டும் என்றிருப்பதும் நியாயமே. மாமியார் அங்கேயே இருக்கட்டும். நாங்கள் போகச் சொல்வது அவர் மகனை.

திங்கள்கிழமை தீர்ப்பின் நகலைத் தாக்கல் செய்கிறோம்.