ஙகூ, கங, அக, ககூ: லைன்அப் துப்பு நாட்குறிப்பு

ஜனவரி 20

இசை விழா போஸ்டர் வந்துவிட்டது. கறுப்புத் தாள். கீழே தேதி, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மைதானம், மாலை 5 மணி. லைன்அப், அதாவது யார் யார் மேடை ஏறுகிறார்கள் என்ற பட்டியல், அதில் ஒரு பெயர்கூட இல்லை, துப்பு வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் வெள்ளை எழுத்தில் நாலே சொல்: ஙகூ, கங, அக, ககூ.

மூளையைக் கசக்கும் முன் கோப்பைக் காப்பாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், கூடவே ஒட்டியிருக்கும் எக்சிஃப் விவரமும் (படம் எப்போது, எதில் எடுத்தது என்ற குறிப்பு) போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே வரும். இன்ஸ்டாவில் இறக்கிய படத்தில் எக்சிஃப் தேடுவது வெட்டி வேலை, அங்கே ஏற்றும்போதே உருவிவிடுகிறார்கள். விழாக்காரர்களின் சொந்தத் தளத்தில் கிடக்கும் மூலப் படத்தை எடுங்கள்.

கறுப்புக்குள் கறுப்பாக ஒளித்தது ஏதாவது உண்டா என்று பார்க்க ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும். 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, மேலே இருக்கும் வலது முனையை 255-லிருந்து 20 வரை இழுத்தால் இருட்டில் கிடப்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். இந்தப் போஸ்டரில் 12 நிழலுருவங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களும் தெரியும். அது துப்பு இல்லை, ஜேபெக் சுருக்கம் 8-க்கு 8 புள்ளிகளாக விட்டுப்போகும் தடம். அதில் முகம் தேடினால் நிச்சயம் முகம் கிடைக்கும், யாருடைய முகம் வேண்டுமோ அந்த முகம்.

ஜனவரி 21

நாலு சொல்லும் தமிழ் எண்கள். க 1, உ 2, ங 3, ச 4, ரு 5, சு 6, எ 7, அ 8, கூ 9. பழைய முறையில் 39 எழுத நடுவில் பத்தின் குறி (௰, பார்க்க 'ய' மாதிரி இருக்கும்) வர வேண்டும். இங்கே அது இல்லை, ஆக இடமதிப்புக் கணக்குதான்: 39, 13, 81, 19.

துப்புத் தேடும் குரூப்பில் உடனே கிளம்பிய பேச்சு, "19-னா காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தாண்டா." காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது அந்த இசைக்குழுவில் 19 பேர். ஆனால் ஒரு எண்ணுக்கு மட்டும் பொருந்தும் விடை விடையே இல்லை. மிச்சம் மூன்றுக்கும் அதே சாவி திறக்க வேண்டும்.

அடுத்த கட்சி மேளகர்த்தா கட்சி, அதாவது கர்நாடக இசையின் தாய் ராக வரிசை எண். 39 ஜாலவராளி, 13 காயகப்பிரியா, 19 ஜங்காரத்வனி. காயகப்பிரியா ('காயக' என்றால் பாடகர்) என்றதும் 'பாடகர் ஒருவர் உறுதி' என்று ஒரே குஷி. ஆனால் மேளகர்த்தா 72-ஓடு முடிகிறது, 81 எங்கே போகும்? அந்தக் கட்சி அங்கேயே கலைந்தது. (இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கி, திருப்பிப் போட்டு வரிசை எண் காணும் கடபயாதியைத் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். கரகரப்பிரியாவின் முதல் எழுத்து வடமொழி வரிசையில் இரண்டாவது 'க', அதனால் 22. நம் 'க'வை முதல் எழுத்தாக எடுத்தால் 21 வரும், அது கீரவாணி. ராகமே மாறிவிடும்.)

வடசென்னைக்காரன் முகவரி எழுதுவதை நினைத்தால் போதும். சென்னை-39 வியாசர்பாடி, 13 ராயபுரம், 81 புதுவண்ணாரப்பேட்டை, 19 திருவொற்றியூர். நாலும் ஒரே சாவியில் திறக்கிறது. ஒரே ஊர்ப் பக்கத்து நாலு பின்கோடு தற்செயலாக வராது.

ஜனவரி 23

பின்கோடு என்பது ஒரு பெரிய வட்டாரம், அதில் தெருத்தெருவாக அலைய முடியாது. அடுத்த துப்புத் தாளை ஒட்டுகிறவர் எங்கே ஒட்டுவார் என்று யோசிக்க வேண்டும்: ஸ்டேஷன் படிக்கட்டு, பாலத்தடி, பஸ் நிறுத்தத்துப் பின்சுவர். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கமும் திருவொற்றியூர் தேரடிப் பக்கமும் அப்படித்தான் சிக்கின. நாலு இடத்திலும் இடத்துக்கு ஒரு தாள், ஒவ்வொன்றிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். ஒரு க்யூஆரைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டி, கால் கால் பங்காக ஒட்டியிருக்கிறார்கள்.

விடியற்காலையில் போங்கள். மைதா பசை தை மாசப் பனியில் ஊறி ஓரம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் மாடு வந்துவிடும். மைதா பசை போஸ்டர் மாட்டுக்குப் பலகாரம், கிண்டல் இல்லை. தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம், அடுத்து வருகிறவன் என்ன செய்வான்?

படம் எடுக்கும்போது ஃபோனைச் சுவருக்கு நேராகப் பிடிக்கவும். சாய்த்தால் கட்டங்கள் ஒரு பக்கம் சிறுத்து எண்ணிக்கை குழம்பும். 81-க்கான தாள் வளைவான தூணில் இருக்கிறது, ஓரத்துக் கட்டங்கள் ஒடுங்கித் தெரியும். அதை இடது, நடு, வலது என்று நகர்ந்து மூன்று படமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியை மட்டும் நம்புங்கள். ஃப்ளாஷ் போடக்கூடாது, ஈரத்தாளில் கறுப்பே வெள்ளையாகப் பளபளக்கும்.

ஜனவரி 24

சேர்க்கும் வேலை. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஸ்கேன் செய்தால் ஆகாது, தையல் விழும் இடத்தில் அரைக் கட்டம் நகர்ந்தாலும் ஃபோன் படிக்காது. எக்செல்லில் சதுர அறைகள் அமைத்து ஒவ்வொரு கட்டமாகக் கறுப்படிப்பதுதான் வழி. இந்தக் க்யூஆர் 25-க்கு 25, அதாவது இரண்டாம் வெர்ஷன்.

எந்தத் துண்டு எந்த மூலை? பெரிய சதுரம் (7-க்கு 7) மூன்று மூலைகளில்தான் இருக்கும். அது இல்லாமல் சின்னதாக 5-க்கு 5 சதுரம் இருக்கும் துண்டு கீழ் வலது. வியாசர்பாடித் தாள் அதுதான். மற்ற மூன்றையும் பெரிய சதுரம் எந்த ஓரத்தை ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் திருப்பி வைக்கலாம்.

ராயபுரம் தாளில் பெரிய சதுரத்தின் பாதி கிழிந்து போயிருந்தது, அதற்குக் கவலையே வேண்டாம். அந்தச் சதுரம் உலகத்தில் எல்லாக் க்யூஆருக்கும் ஒன்றுதான், நாமே வரைந்துகொள்ளலாம். கவலைப்பட வேண்டியது கீழ் வலது துண்டு தொலைந்தால். பரப்பில் கால் பங்குதான், ஆனால் பெரிய சதுரம் இடம் பிடிக்காததால் தரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் கிடக்கிறது. க்யூஆர் எவ்வளவு சேதம் தாங்கும் என்பதற்கு நாலு நிலை உண்டு, இருப்பதிலேயே உறுதியான எச் நிலைகூட சுமார் 30 சதவீதச் சேதம்தான் தாங்கும். க்யூ 25, எம் 15, எல் 7.

எந்த நிலை என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். மேல் இடது பெரிய சதுரத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வரி, அதற்கு அடுத்த வரியில் இடது ஓரத்து முதல் இரண்டு கட்டம். இரண்டும் கறுப்பு என்றால் எல். கறுப்பு, வெள்ளை என்றால் எம். வெள்ளை, கறுப்பு க்யூ. இரண்டும் வெள்ளை எச். நம்முடையது எம். ஆக நாலு துண்டும் வேண்டும், ஓட்டை கொஞ்சம் இருக்கலாம்.

வரைந்து முடித்ததும் சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். அதை விடாமல் 'ஸ்கேன் ஆவல அண்ணே' என்று வருகிறவர்கள்தான் அதிகம். திறந்தது ஒரு இணைப்பு, உள்ளே 40 விநாடி வேவ் ஒலிக்கோப்பு.

ஜனவரி 27

காதுக்கு அது வெறும் அடி, மேலே ஒரு இரைச்சல். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து, டிராக் பெயர் மெனுவில் 'ஸ்பெக்ட்ரோகிராம்' (ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டுவது) தேர்ந்தெடுங்கள். உச்ச அலைவரிசையை 20,000 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். விண்டோ சைஸை 2048-ல் வைத்தால் எழுத்து தெரிகிறது. 8192-க்குப் போனால் கிடைமட்டக் கோடு கூர்மையாகும், ஆனால் நேரம் பக்கவாட்டில் இழுபட்டு எழுத்து கலங்கும்.

16,000-க்கு மேலே படமாக எழுதியிருப்பது: சடடி. புள்ளி காணாமல் போவது இந்த வகைப் படத்தில் வழக்கம், ஒரு புள்ளி இரைச்சலோடு கரைந்துவிடும். சட்டி என்று படிக்கவும், சமையல் சட்டி இல்லை, அடித்து வாசிக்கும் தாளக்கருவி. இதை வாய்ஸ் நோட்டாகப் பரப்பியவர்களுக்கு மேல்பகுதி முழுக்கக் காலி. வாய்ஸ் நோட் உயர்ந்த அலைவரிசைகளை வெட்டித்தான் அனுப்பும். வேவையே அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தை மட்டும் நம்பாமல் ஒலியையும் கேட்டால், அடி ஒவ்வொன்றும் கீழிருந்து மேல்வரை மெல்லிய செங்குத்துக் கோடு, உடனே அடங்குகிறது. டோலக்கின் இடது பக்கம் என்றால் கீழே ஒரு வால் நீளும். இங்கே வால் இல்லை. எழுத்தும் ஒலியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வருகின்றன: சட்டி அடிக்கும் குழு ஒன்று மேடையில் உண்டு. எந்தக் குழு என்பது இதில் இல்லை.

ஜனவரி 29

12 நிழலுருவம், அதனால் 12 கலைஞர் என்று பட்டியல் சுற்றுகிறது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 மணிக்குத் தொடக்கம், திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணியோடு நிற்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதி. கையில் 300 நிமிடம். ஒரு குழுவுக்கு 40 நிமிடம், மேடை மாற்ற 15 என்றால் ஐந்து குழுவுக்கு 260, ஆறுக்கு 315. ஐந்துதான். தாளக் குழு இருந்தால் மைக் வைக்கவே 15 போதாது.

ஆக 12 பேரில் பலர் ஒரே குழு. நிழல்களை உயரத்தால் பிரிக்காமல் தரைக்கோட்டால் பிரியுங்கள்: பாதம் ஒரே கோட்டில் நிற்பவர்கள் ஒரே புகைப்படத்திலிருந்து வெட்டப்பட்டவர்கள். இப்படிப் பார்த்தால் 6, 3, 1, 1, 1. அந்த ஆறில் நாலு பேர் இடுப்பருகே கை வைத்து நிற்கிறார்கள். சட்டிக்குழு அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். 19 பேர் வாதம் இதற்குள் அடங்காது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வரமாட்டார்கள் என்றும் அர்த்தமில்லை, 19 அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 31

இணைப்புப் பக்கத்தில் நாலாவது இடத்துக்கு ஒரு பெயர் முளைத்திருக்கிறது, யாரும் கேள்விப்படாத பெயர். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் இது பழைய விளையாட்டு: 2023-ல் 'தி சர்னப்ஸ்' என்று போட்டு ஃபூ ஃபைட்டர்ஸை ஏற்றினார்கள், 2025-ல் 'பேட்ச்வொர்க்' என்று போட்டு பல்ப் குழுவை. சோதிக்க எளிய வழி உண்டு. அந்தப் பெயரில் ஒரு பாட்டாவது வெளியாகியிருக்கிறதா என்று தேடுங்கள்; சமூக வலைப் பக்கம் எப்போது திறந்தது, பெயர் இதற்குமுன் எத்தனை முறை மாறியது என்று இன்ஸ்டாவின் 'அபௌட் திஸ் அக்கவுண்ட்' காட்டும். பாட்டும் இல்லை, பக்கமும் இல்லை என்றால் போலிப் பெயர். வளரும் குழுவுக்கு அந்த ரெண்டில் ஒன்றாவது இருக்கும்.

இதில் இரண்டும் இல்லை. யார் என்று ஊகிக்க, அதே தேதியில் வேறு ஊரில் நிகழ்ச்சி அறிவித்தவர்களை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மிஞ்சும் பட்டியலைப் பொதுவில் போட வேண்டாம், ஒருவர் பெயர் பரவி அவர் வராவிட்டால் திட்டு அவருக்குத்தான் விழும்.

பிப்ரவரி 1

மாலை ஆறுக்கு முழுப் பட்டியல் என்று அறிவிப்பு. அதுவரை நிற்பவை: ஐந்து குழு, அதில் ஒன்று சட்டி, நாலாவது இடம் போலிப் பெயர். மூன்று பேர் குழுவின் நடு ஆள் கையில் இருப்பது ஆர்மோனியமா, சாம்ப்ளரா (பதிவுசெய்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் கருவி) என்பது நிழலில் பிரியவில்லை. ரெண்டுக்கும் ஓரம் ஒரே நீளம்.