பக்கமாய் விலகிப்போனவன்

பைபிளில் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எத்தனை முறை வாசித்திருப்பேன்! ஆலயப் பணி செய்கிற ஆசாரியனும் லேவியனும், கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கவனிக்கவே இல்லை என்றுதான் மனதில் பதிந்திருந்தது. இன்று நிதானமாக வாசித்தால், மூன்று பேருக்கும் ஒரே சொல்: 'கண்டு'. இரண்டு பேர் கண்டு, பக்கமாய் விலகிப்போனார்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தானாகிய சமாரியன் கண்டு, மனதுருகினான். கிரேக்க மூலத்தில் அந்த மனதுருக்கம் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடம்தான்.

அப்புறம் அவன் செய்ததெல்லாம் கைவேலை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. போன ஞாயிறு ஆராதனையில் பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அழுக்கு இல்லை, எனக்கே தெரியும். முடிந்ததும் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றேன். அவர் வாய் திறப்பதற்குள் "சரிம்மா, ஜெபத்துல வச்சுக்கிறேன்" என்று வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். ஜெபிக்கவும் இல்லை.

இன்று அந்த பெஞ்சில் அவர் இல்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.