சுக்குவோடு பதினாறு வாரம்

பொங்கல் முடிந்து மறு வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகனின் சட்டைக்குள் ஏதோ நெளிந்தது. கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருந்ததாம். யாருமே எடுக்காத குட்டி இதுவாம். காய்ந்த சுக்கின் நிறம், அதனால் பெயரும் சுக்கு. என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, பார்த்ததும் “எடுத்த இடத்துலயே விட்டுட்டு வாலே” என்றார். அன்று ராத்திரி குட்டி முனகியபோது எழுந்துபோய்ப் பழைய சேலையை மடித்துப் போட்டதும் அவர்தான்.

நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்தாழ்வாரத்தில், மிஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறவள். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன் என்பதால் குட்டியைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து தினமும் இரண்டு வரி குறித்து வைத்தேன். முன்பக்கம் திருப்பினால் கை நீளம், கழுத்து இறக்கம். பின்பக்கம் திருப்பினால் சுக்கு பத்துக்கு எத்தனை தடவை சொன்னது கேட்டது என்ற கணக்கு. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சி முதல் நாளே வந்து எட்டிப் பார்த்தார். “நாட்டு நாய்க்குப் படிப்பு ஏறாது தாயி. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்கியிருக்கலாம்லா?” ராஜபாளையமும் நாட்டு நாய்தான். 2005-இல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த நாய். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், கண் அங்கே போய்விடும், அப்புறம் நாம் கத்துவது காதில் ஏறாது. சொன்னது கேட்கிற நாய்தான் வேண்டுமென்றால் அது அவ்வளவு சுலபமான ஆள் இல்லை. இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

முதல் இரண்டு வாரம் பாடமே கிடையாது. கால்நடை மருந்தகத்தில் பல்லைப் பார்த்து ஏழு வாரம் இருக்கும் என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்து, எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தது, வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதம் ஆனதும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் ஆட்கள், சத்தம், வண்டி எல்லாவற்றையும் காட்டிப் பழக்க வேண்டிய வயதும் அதுதான். அதனால் இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். செங்கோட்டை ரயில் கூவும்போது ஒரு துண்டு ஈரல், குப்பை வண்டி வரும்போது ஒரு துண்டு.

அந்த நாட்களில்தான் விளையாட்டில் மகன் கையில் பல் பதிந்து லேசாக ரத்தம் வந்தது. குட்டிதானே என்று விடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு ஒன்று, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் தோலுக்குள் சின்ன ஊசி. அவன் அதைப் பள்ளிக்கூடத்தில் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டான்.

வெளிக்குப் போகப் பழக்குவதில் ரகசியம் ஒன்றும் இல்லை, மணி பார்ப்பதுதான். அந்த வயதுக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், ஆடி ஓய்ந்ததும் புறவாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனேன். வீட்டுக்குள் போய்விட்டால் பினாயில் ஊற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். நமக்குத்தான் அது பினாயில் வாசம், அதற்கு அடியில் பழைய வாசம் அப்படியே இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்து, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்த பிறகுதான் பட்டாசல் (கூடம்) மூலையை விட்டது.

மூன்றாம் வாரம் பாடம் தொடங்கினேன். “சுக்கு” என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று பயந்தேன். அன்று சாயங்காலம் மகன் அடுக்களையிலிருந்து “ஏலே” என்று தன் சேக்காளியைக் கூப்பிட, நாலு காலும் வழுக்க ஓடிவந்தது சுக்கு. அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரமாக வீட்டில் எல்லாரும் அதை “ஏலே இங்க வா”, “ஏலே சும்மா கெட” என்றே சொல்லியிருக்கிறோம். அதன் கணக்கில் அதன் பெயர் ஏலே. எங்கள் ஊரில் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர்.

பெயரைத் திருத்த ஒரு வாரம் ஆனது. “சுக்கு” என்று சொன்னதும், அது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், வாயில் ஒரு துண்டு. பெயரைச் சொல்லித் திட்டுவதில்லை என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். அத்தை மட்டும் செய்யவில்லை. “நாயிக்காகச் சத்தியமா?” என்றார்.

அடுத்தது உட்கார வைப்பது. நாய்க்கு எதற்கு இங்கிலீஷ் என்று எனக்கு ஒரு வீம்பு. “உட்காரு” என்றே வைத்தேன்.

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் கை பழக வேண்டும். உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை விரல் நுனியில் பிடித்து மூக்குக்கு ஒட்டினாற்போல் காட்டி, அப்படியே மெதுவாக நெற்றிக்கு மேலே, பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். மூக்கு மேலே ஏற ஏற இடுப்பு தானாக இறங்கும். கையை உயரத் தூக்கினால் குதிக்கும். ரொம்பப் பின்னால் கொண்டுபோனால் பின்னாலேயே நடக்கும். எங்கள் சுக்கு அப்படி நடந்து நடந்து மிஷின் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அப்புறம் சுவரை ஒட்டி நிறுத்திச் செய்தேன். பின்பக்கம் தரையில் பட்ட அந்த நொடியில் ஒரு அடையாளச் சத்தம் கொடுத்து, உடனே துண்டு. இரண்டு நொடி தாமதித்தால்கூட, எழுந்து நின்றதற்குத்தான் ஈரல் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நாலு தடவை, பசியோடு இருக்கும்போது. ஈரல் அதிகம் கூடாது என்பதால் பாதிக்கு மேல் அதன் சாப்பாட்டிலிருந்தே எடுத்த கோழித் துண்டு.

அடையாளச் சத்தத்துக்கு “பலே” என்று வைத்தேன். வீட்டில் யாரும் சொல்வதில்லை. இரண்டு நாளில் தவறு தெரிந்தது. மகன் “ஏலே” என்று கத்தும்போதெல்லாம் சுக்கு ஈரல் கேட்டு என் முகத்தைப் பார்த்தது. பலேயும் ஏலேயும் அதற்கு ஒன்றுதான். அதை விட்டுவிட்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி “டொக்” என்று சொடுக்க ஆரம்பித்தேன். இன்றுவரை அதுதான்.

கையைக் காட்டினால் பத்துக்குப் பத்து. கையைக் காட்டாமல் “உட்காரு” என்றால் பத்துக்கு இரண்டு. எட்டு நாள் போராடியும் இரண்டு மூன்றாகவில்லை. எங்கே தப்பு என்று பார்க்க ஒரு நாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, வீட்டில் அந்தச் சொல் எத்தனை தடவை விழுகிறது என்று நோட்டில் கோடு போட்டேன். பிளவுஸ் வாங்க வந்தவர்களிடம் “உக்காருங்க மதினி”, அத்தையிடம் “செத்த உக்காருங்களேன்”, அத்தை என்னிடம் “நீ முதல்ல உக்காரு”. இருபத்து மூன்று கோடு. இருபத்து மூன்று தடவையும் சுக்கு உட்காரவில்லை, அதற்கு ஒன்றும் கிடைக்கவும் இல்லை. காலை முழுக்க நாங்கள் எல்லாரும் சேர்ந்து, இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும் என்று ஊரில் சொல்வதன் சூட்சுமம் இதுதான் போல. அந்தச் சொற்களை நம் வீட்டில் வேறு யாரிடமும் பேசுவதில்லை, அவ்வளவே. வீம்பை விட்டு “சிட்” என்று மாற்றினேன். முதலில் சொல், ஒரு நொடி கழித்துக் கை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் குறைத்தேன். ஒரு வாரத்தில் பத்துக்கு எட்டு.

அத்தை வாயில் அது “சிட்டு” ஆனது. சுக்கு அதையும் ஏற்றுக்கொண்டது. ஒரு நாள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், “ஏ, சிட்டு வந்திருக்கு பாரு” என்று குருவியைக் காட்டினார். குருவி பறந்துபோனது, சுக்கு உட்கார்ந்து என்னைப் பார்த்தது. எழுந்துபோய் ஈரல் எடுத்துவந்து கொடுத்தேன்.

இதே பாடு “இரு” என்பதற்கும். “இருங்க, இப்ப முடிச்சிருவேன்” என்று நாளைக்கு நூறு தடவை சொல்கிற தொழில் என்னுடையது. அதனால் சொல்லே வேண்டாம் என்று உள்ளங்கையை நேரே காட்டினேன். வார்த்தையைவிட நம் கையைத்தான் நாய் சீக்கிரம் படிக்கிறது. முதலில் இரண்டு நொடி, பிறகு ஐந்து, பிறகு பத்து. நேரம் கூட்டும்போது தூரம் கூட்டக் கூடாது, தூரம் கூட்டும்போது நேரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டி நான் கெடுத்துக்கொண்ட நாட்கள் நோட்டில் ஆறு இருக்கின்றன.

கூப்பிட்டால் வருவதில் நான் செய்த தவறு பெரிது. “வா” என்று அன்பாகக் கூப்பிட்டு, வந்ததும் பிடித்துக் குளிப்பாட்டினேன். இன்னொரு நாள் கூப்பிட்டு, வந்ததும் கடித்த அளவு டேப்பைக் காட்டித் திட்டினேன். அது டேப்பைக் கடித்தது அரை மணி நேரத்துக்கு முன்னால். அதன் கணக்கில் திட்டு வாங்கியது வந்ததற்காக. மூன்றாவது தடவை வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு வாலை மட்டும் ஆட்டியது. அந்தச் சொல்லைக் கைவிட்டு, “ஓடியா, ஓடியா” என்று புதிதாகத் தொடங்கினேன். சாப்பாட்டுக் கிண்ணத்தை வைக்கும்போது மட்டும் ஒரு வாரம். பிறகு பட்டாசலுக்கும் புறவாசலுக்கும் நடுவில் நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் நின்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். குளிப்பாட்ட வேண்டுமென்றால் கூப்பிடுவதில்லை, நானே போய்த் தூக்கிக்கொள்வேன்.

“விடு” சீக்கிரம் வந்தது. மூடிய கைக்குள் ஈரல். நக்கியது, பிராண்டியது, குரைத்தது. நான் அசையவில்லை. அலுத்துப்போய் மூக்கைப் பின்னுக்கு இழுத்ததும் “டொக்”, மறு கையிலிருந்து ஒரு துண்டு. மூடிய கையில் இருப்பது மட்டும் கிடைக்கவே கிடைக்காது. மூன்று நாளில் கையைத் திறந்து வைத்தாலும் தொடவில்லை. பெரிய பரீட்சை பக்கத்து வீட்டில். எங்கள் ஊரில் அப்பளம் போடாத தெரு குறைவு. மதினி வாசலில் துணி விரித்து உளுந்து அப்பளம் காயப் போட்டிருந்தார். “விடு” என்றேன். நின்றது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடி, மூக்கு அப்பளத்துக்கு ஒரு சாண் தள்ளி, எச்சில் ஒழுக நின்றது. “டொக்” என்று சொல்லித் துண்டைக் கொடுத்தேன். வாங்கித் தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பி ஒரு அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மதினிக்குப் பிளவுஸ் கூலியில் கழித்துக்கொண்டேன்.

சுக்குவுக்கு நாலு மாத வயது ஆனபோது படித்தது எல்லாம் போன மாதிரி ஒரு பத்து நாள். தார்சாவில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது. 28 பால்பல்லும் விழுந்து 42 முளைக்கிற காலம், ஈறு தினவெடுக்கும். ஈரத்துணியை பிரிட்ஜில் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம் என்பார்கள். தையல்காரி வீட்டில் துணி கடிக்கப் பழக்குவது தற்கொலை, நூல் வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருட்டிவிடும். குளிர்ந்த கேரட் கொடுத்தேன். பாடத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

சித்திரைக் கடைசியில் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. இதற்கு முன்கூட்டியே தயார் செய்திருக்க வேண்டும்: மேளச் சத்தத்தை போனில் மெல்லப் போட்டுக்கொண்டே சாப்பாடு வைத்து, நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டி. நான் கொடைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆரம்பித்தேன், அது எதற்கும் காணாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நையாண்டி மேளம் தெருவுக்குள் திரும்பியதும் சுக்கு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சிட் இல்லை, ஓடியா இல்லை. ஈரலை மூக்கருகே வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயத்தில் இருக்கிற நாய்க்குப் பசி இருக்காது, இழுத்து வெளியே போடவும் கூடாது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு நானும் தரையில் படுத்துக்கொண்டேன். ராத்திரி வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது வேட்டுப் போட்டார்கள். அத்தை கோயிலுக்குப் போகாமல் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, கையை மட்டும் கீழே தொங்கவிட்டிருந்தார். சுக்கு அந்த விரலில் மூக்கை வைத்துக் கிடந்தது.

விடியப்போகும் நேரத்தில் சத்தம் அடங்கியது. நான் ஒரு துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டது. தின்னவில்லை, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தது.

இன்றைய நிலவரம்: சிட் வீட்டுக்குள் பத்துக்குப் பத்து, வாசலில் ஏழு, ஆட்டு மந்தை போகும்போது பூஜ்யம். உள்ளங்கை காட்டினால் ஒரு நிமிடம். ஓடியா, கயிறு இல்லாமல் ஆற்றங்கரையில் விடுகிற அளவுக்கு இன்னும் இல்லை. கயிறு கட்டி நடத்தினால் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் நிற்பது, கயிறு தளர்ந்தால் நடப்பது என்று நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறேன். முக்குக்கடை வரை போய்வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. எதிர்வீட்டு அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.