கானாற்றுக்கு விரைவாகப் பாலம் கட்டுவது

வேலூர் பக்கத்தில் சிறுபாலம் கட்டுகிறவர்களுக்கு வேலைக்காலம் தை மாதத்தில் தொடங்கி ஆனி வரைதான். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மண் கொட்டிக் குழாய் பதித்துப் போடும் மாற்றுப்பாதையை, மழை பெய்தால் மட்டும் ஓடும் கானாறு ஒரே பெருக்கில் அடித்துக்கொண்டு போய்விடும். 2021 நவம்பரில் பாலாறும் கௌண்டன்யா ஆறும் பெருகித் தரைப்பாலங்கள் மூழ்கியபோது, அக்கரைக் கிராமங்களில் இருந்தவர்கள் பால் கொண்டுபோகவும் மருத்துவமனைக்குப் போகவும் பட்ட பாட்டை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதி கட்டிய நிலையில் ஒரு பாலம் மழைக்காலத்துக்குள் நுழைவது அந்த ஊருக்கு இருந்த வழியையும் இல்லாமல் செய்துவிடும் என்பதால், விரைவாகக் கட்டுவதை வடிவமைப்பின் முதல் தேவையாகவே நான் வைக்கிறேன்.

வழக்கமான முறையில் ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறது. அடித்தளம் போட்டு, சுவர் எழுப்பி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளம் போட்ட பிறகும் முட்டுகளை உடனே எடுக்க முடியாது, 4.5 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டும் தளத்துக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. துண்டுகளை வேறிடத்தில் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முன்வார்ப்பு முறையில் இந்த வரிசை உடைகிறது. ஓடையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே, ஒன்றியத் தலைமையிடத்தில் சமன் செய்த ஒரு காலி இடத்தில், தண்ணீரும் மேற்பார்வையும் குறையாமல், பாலத்தின் துண்டுகள் வார்த்து ஆறிக்கொண்டிருக்கும். நாள் மிச்சமாவது இந்த இரு வேலைகளும் ஒரே சமயத்தில் நடப்பதால்தான்.

ஆனால் துண்டின் அளவை முடிவு செய்வது ஓடையின் அகலம் மட்டும் அல்ல. உள்ளளவு 3 மீட்டருக்கு 3 மீட்டர், சுவர் கனம் 250 மில்லிமீட்டர் கொண்ட பெட்டிப் பாலத்தை, அதாவது அடித்தளம், மேல்தளம், இரு சுவர்கள் சேர்ந்து நடுவே நீர் போகும் கான்கிரீட் பெட்டியை எடுத்துக்கொள்வோம்: ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.25 கன மீட்டர் கான்கிரீட், அதாவது எட்டு டன்னுக்குச் சற்று மேல். ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் போகும் குறுகிய சாலையில் அந்தத் துண்டை ஏற்றிப் போகலாம், இறக்குவதுதான் கடினம். பெயரளவில் 14 டன் தூக்கும் ஹைட்ரா கிரேன், கையை நீட்டினால் அதில் சிறு பங்கைத்தான் தூக்கும். கரை ஓரத்தில் அதை நிறுத்தினாலோ மண் சரியும். எனவே பெட்டியைச் சுவரின் நடு உயரத்தில் வெட்டி, மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒவ்வொன்றும் நான்கு டன் அளவில் நிற்கும். வளைவு விசை அதிகம் வரும் நான்கு மூலைகளும் இணைப்பு இல்லாமல் ஒரே வார்ப்பாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி உருவாக்கிய இரும்புப் பாலத்தின் பலகச் சட்டம் ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சுமந்துபோக வேண்டும் என்பதை வைத்தே அந்த எடை அமைந்தது. நம் கிராமச் சாலைக்கும் அதே ஒழுங்கில்தான் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு முறைகளை அப்படியே எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், டிஃபயன்ஸ் கவுண்டியில் 2005-இல் ஒரு கிராமப்புறப் பாலத்தைக் கான்கிரீட் தூண் இல்லாமல் கட்டினார்கள். சரளையை மெல்லிய அடுக்குகளாக இறுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் செயற்கைத் துணி விரித்து, முகப்பில் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, அதன்மேலேயே உத்தரங்களை வைத்தார்கள். உள்ளூர்ப் பணியாளர்களே செய்யக்கூடிய அருமையான முறை அது. ஆயினும் மணல் அள்ளப்பட்டு மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும் பாலாற்றுப் படுகை ஓரத்தில், அடி அரிப்பு எந்த ஆழம் வரை போகும் என்று சொல்ல முடியாத இடத்தில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாறை மேலே தெரியும் மலை ஓடைகளில் யோசிக்கலாம்.

சிறுபாலங்கள் பெரும்பாலும் பாரத்தால் விழுவதில்லை, தண்ணீர் அடியைப் பறிப்பதால் விழுகின்றன. பெட்டியிலிருந்து வெளியேறும் நீர் வேகம் கூடி விழும் கீழ்ப்புறத்தில் குழி பறியும். அதனால் அங்குள்ள தடுப்புச் சுவர் மேல்புறத்தைவிட ஆழமாக இறங்க வேண்டும், அதற்கப்பால் கற்கள் பரப்ப வேண்டும். இந்த வேலையை முன்வார்ப்பால் சுருக்க முடியாது. மேலே மிச்சப்பட்ட நாட்களை இங்கே செலவிடுவதுதான் நியாயம்.

அதேபோல் சுவருக்குப் பின்னால் மண் நிரப்புவது. உருளை சுவர் அருகே வர முடியாததால், கடைசி ஒரு மீட்டரைப் பலரும் அப்படியே தள்ளி மூடிவிடுகிறார்கள். முதல் மழையிலேயே அந்த இடம் அமுங்கி, பாலத்தின் விளிம்பில் பேருந்து தூக்கிப் போடும். சரளை மண்ணை 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாகக் கொட்டி, கையால் இயக்கும் அதிர்வுத் தட்டால் இறுக்கி, இரண்டு பக்கமும் சம உயரத்தில் ஏற்றிவர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் துண்டுகள் நகர்ந்து, இணைப்பில் வைத்த சாந்து பிளந்துவிடும்.

இத்தனைக்கும் செலவு கூடாதா என்று கேட்பார்கள். ஒரே ஒரு பாலத்துக்கு இரும்பு அச்சு செய்தால் கட்டாயம் கூடும். அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரே அளவுள்ள ஓடைக் குறுக்கீடுகளைச் சேர்த்து, இரண்டு மூன்று நிலையான அளவுகளுக்குள் அடக்கி, ஒரே ஒப்பந்தப்புள்ளியாக விட்டால், அதே அச்சு பாலம் பாலமாகப் பயன்படும். அந்த ஒப்பந்தப்புள்ளியும் மார்கழிக்குள் முடிவாகி, தையில் பள்ளம் தோண்டத் தொடங்க வேண்டும்.