மாதம் ஒரு மூட்டை கல் உப்பு

மசினகுடிப் பக்கம் ஒரு சொகுசு விடுதியில் 2014-ல் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். எனக்கு மேட்டுப்பாளையம். கேட்டரிங் டிப்ளமோ முடித்திருந்தேன். காடு என்றால் கல்லாறு தாண்டி ஊட்டி பஸ் ஏறும்போது ஜன்னலில் தெரிவது, அவ்வளவுதான்.

முதல் நாள் மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். கேட்டுக்குப் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி சோலார் பேனல்கள். குடிதண்ணீர் கண்ணாடிப் புட்டியில். அறைக்கு அறை உண்ணிச்செடிக் கழியில் பின்னிய நாற்காலி. வெள்ளைக்காரர்கள் அழகுக்குக் கொண்டுவந்த செடி அது. இன்றைக்கு முதுமலையில் புல் முளைக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை வெட்டி நாற்காலி பண்ணுவது நல்ல காரியம். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த விடுதியில் உண்மையாகவே பசுமையாக இருந்தது அந்த நாற்காலிகள்தான். ஓர் இரவு வாடகை என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

விருந்தினர்கள் எழுதிவிட்டுப் போகும் புத்தகம் வரவேற்பறையில் இருக்கும். 'ஆன்மா குளிர்ந்தது' என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். என்னிடம் இருந்தது இன்னொரு புத்தகம், ஸ்டோர் ரிஜிஸ்டர். மெனு அட்டையில் 'உள்ளூர் உணவு' என்று இருக்கும். ரிஜிஸ்டரில் ஐஸ் பெட்டி மீன், டின் காளான், வெளிநாட்டுச் சீஸ். காய்கறி ஊட்டி மார்க்கெட்டிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும், இல்லாவிட்டால் கர்நாடகத்துக் குண்டல்பேட்டையிலிருந்து பந்திப்பூர் காட்டு வழியாக வரும். பந்திப்பூர் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி விடமாட்டார்கள். ஒருநாள் லோடு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குத் தக்காளி இல்லை என்று ஒரு விருந்தினர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒன்பது மணி நேரத்தில்தான் மிருகங்கள் நிம்மதியாகச் சாலையைக் கடக்கின்றன என்று அவருக்கு யார் சொல்வது? நானும் சொல்லவில்லை.

டீசல் கணக்கும் என் கையில்தான். சோலார் பேனல் வெந்நீருக்கே சரியாக இருந்தது. ஏசி, துணி துவைக்கும் மெஷின், நீச்சல் குளத்து மோட்டார் எல்லாம் கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான். விடுதி இருந்த சீகூர் பகுதி மலைக்குப் பின்னால் மழை மறைவில் கிடக்கிற பூமி. மாசி, பங்குனியில் ஓடையெல்லாம் மணலாகிவிடும். ஓர் ஆனைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். குளம் மட்டும் நீலமாக நிறைந்திருக்கும்.

உப்புக் கதைக்கு வருகிறேன். சமையலறைக்குத் தூள் உப்புப் பாக்கெட் போகும். ஆனால் மாதாமாதம் ஐம்பது கிலோ கல் உப்பு மூட்டை ஒன்று வரும். இரண்டாம் வாரத்துக்குள் காலியாகும். செலவுக் கணக்கில் எதிரே என்ன எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். "கிச்சன்னு போடுப்பா" என்றார். போட்டேன்.

காவலுக்கு இருந்த இருளர் பெரியவர் ஒருவர் சாயங்காலம் டீக்கு ஸ்டோர் பக்கம் வருவார்.

"அண்ணா, இத்தனை கல் உப்பு எதுக்குங்க?"

"உனக்குத் தெரியாதா தம்பி? வராந்தாவுக்கு எதுக்கால மண்ணுல கொட்டறாங்க. மான் வரும், காட்டெருமை வரும். ரூம்ல இருக்கறவங்க போட்டோ புடிப்பாங்க."

"வந்தா நல்லதுதானுங்களே?"

"மானோட நின்னுருமா? அவரும் வருவாரு."

'அவர்' என்றால் ஆனை. இருட்டிய பிறகு பெரியவர் அதன் பேரைச் சொல்லமாட்டார்.

அந்த இடத்தின் அமைப்பே அப்படி. தெற்கே நீலகிரி செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வடக்கே மோயார் ஆற்றின் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போய்வர, இரண்டுக்கும் இடையில் இருக்கிற பட்டைதான் ஆனைகளுக்கு வழி. அந்தப் பட்டையில் சோலார் வேலி போட்டு, விளக்குப் போட்டு, விடுதி கட்டி, அதற்கும் மேலே உப்பைக் கொட்டிக் கூப்பிடுகிறோம்.

பெரியவர் சொன்னபடி ஒத்தைக் கொம்பன் ஒன்று வந்தது. முதல் வாரம் விருந்தினர்களுக்கு ஒரே கொண்டாட்டம். உப்பு ருசி கண்ட பிறகு அரிசி வாசம் பிடித்தது. ஒரு ராத்திரி ஸ்டோர் ஷட்டரைத் தகரம் மாதிரி மடித்துப் போட்டுவிட்டுப் போனது. உள்ளே படுத்திருந்த பையன் பின்சுவர் ஜன்னல் வழியாகத் தப்பினான். மறுநாள் பட்டாசு வாங்கச் சொன்னார்கள். பட்டாசும் ரிஜிஸ்டரில் ஏறியது. எதிரே 'பண்டிகை' என்று எழுதினேன். அது ஜூன் மாதம்.

2016-ல் வேலையை விட்டேன். மனசாட்சி என்று சொன்னால் பொய். கோயமுத்தூரில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தது.

பிறகு ஒருமுறை குடும்பத்தோடு சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போனோம். கேரளத்துப் புலிகள் காப்பகம் அது. பாதை தமிழ்நாட்டு வழியாக. தங்கின அறை சாதாரணம். வனத்துறை வண்டியில்தான் சுற்ற வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுப்பவர்கள் அங்கே இருக்கிற பழங்குடி மக்கள். ஆனை தூரத்தில், மூங்கிலுக்குள் முதுகு மட்டும் தெரிந்தது. என் மச்சான் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றான். பின்னால் ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழக்கம்.

மசினகுடிப் பக்கத்து அந்தப் பட்டையை ஆனை வழித்தடம் என்று அரசு அறிவிக்கை வந்தது 2010-ல். மறு வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. விடுதிக்காரர்கள் டில்லிக்குப் போனார்கள். நான் சேர்ந்தபோதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. எங்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லி 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் இறுதித் தீர்ப்பும் ஆனைகள் பக்கமே வந்தது. அடுத்த ஜனவரியில், அதே மசினகுடியில், ஒரு தங்கும் விடுதிக்கு வந்த ஆனையின் மேல் எரிகிற டயரை வீசிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் முழுதாகப் பார்க்கவில்லை. அதுவும் எங்கோ எதையோ ருசி கண்டுதான் வந்திருக்குமோ என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது.

சீல் வைத்த வாரம் பெரியவருக்குப் போன் பண்ணினேன். வேலை போய்விட்டது, மாடு மேய்க்கப் போகிறேன் என்றார். அவரைப் போல எத்தனையோ குடும்பம். தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அந்தப் பக்கத்தை அதிகம் பேசவில்லை. ஆனை வருகிறதா என்று கேட்டேன்.

"வருது தம்பி. லைட்டு இல்ல, ஆளு இல்ல. வராந்தாவுக்கு எதுக்கால வந்து, கால்ல மண்ணைக் கிளறிக் கிளறித் தின்னுட்டுப் போகுது."

எத்தனை மழைக்கு அந்த உப்பு கரையும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.