நோட் சர்வரில் மெமரி லீக்கைத் தேடிப் பிடித்த விதம்

எங்கள் நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) சர்வர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனது. லாகில் ஒரு எரர்கூட இல்லை. கன்டெய்னரின் எக்ஸிட் கோடு 137, அதாவது 128 + சிக்னல் 9 (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்). மெமரி வரம்பைத் தாண்டியதால் கெர்னல் கொன்றிருக்கிறது. நோட்டின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8 தன் ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) வரம்பை முட்டி விழுந்திருந்தால் 134 வந்திருக்கும், லாகிலும் புலம்பியிருக்கும்.

உடனே ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடி ஹீப்பில் இருப்பதையெல்லாம் பதியும் கோப்பு) எடுக்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்எஸ்எஸ் (புராசஸ் பிடித்திருக்கும் மொத்த ரேம்), ஹீப் யூஸ்டு (ஹீப்பில் பயன்பாட்டில் உள்ளது), எக்ஸ்டர்னல் (ஹீப்புக்கு வெளியே ஆப்ஜெக்ட்கள் பிடித்திருப்பது) மூன்றையும் லாகில் எழுதவிட்டோம். ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறினால் நேட்டிவ் ஆட்-ஆனையோ (சி++ல் எழுதிய துணை மாட்யூல்) மாலாக் சிதறலையோ (விடுவித்த மெமரி துண்டுதுண்டாகத் தேங்குவது) சந்தேகிக்கலாம்; எக்ஸ்டர்னலும் சேர்ந்து ஏறினால் பஃபரை (பைனரி டேட்டா வைக்கும் மெமரி). ஹீப் யூஸ்டு எப்போதுமே ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். உச்சியை விடுங்கள், ஜிசி (வேண்டாத மெமரியைத் தானாக விடுவிக்கும் வேலை) முடிந்தபின் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். இங்கே அந்த அடிமட்டமே ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது மெயின் த்ரெட் நின்றுவிடும். ஹீப்பைப்போல இரண்டு மடங்கு மெமரியும் கேட்கும். ரிக்வெஸ்டுகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரிலிருந்து கழற்றாமல் புரொடக்‌ஷனில் எடுத்தால் ஹெல்த் செக் பாதியிலேயே கொன்றுவிடும். டோக்கன், பாஸ்வேர்டு எல்லாம் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும், கண்டவருக்கும் அனுப்பாதீர்கள்.

ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான சர்வரில்) முதலில் கொஞ்சம் லோட் கொடுத்து கேச்கள் நிரம்பவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட். பிறகு 1013 ரிக்வெஸ்ட், இன்னொன்று. மறுபடி 1013, மூன்றாவது. ரவுண்டாக 1000 வைத்தால் தற்செயலாக ஒத்துப்போகும் எண்கள் குழப்பும். 1013 தானாக வராது.

குரோம் டெவ்டூல்ஸில் இரண்டு ஸ்னாப்ஷாட்டை ஒப்பிடும் கம்பேரிசன் வியூ. மேலே ஸ்ட்ரிங்கும் அர்ரேயும் வரிசைகட்டி நிற்கும், அவை பெரும்பாலும் விளைவுதான். கூடிய எண்ணிக்கையைக் காட்டும் டெல்டா நெடுவரிசையில் இன்கமிங்மெசேஜ் (ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் நோட் உருவாக்கும் ஆப்ஜெக்ட்) 1013. ஒன்றைத் திறந்து ரீடெய்னர்ஸில் (அதை யார் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியல்) ஏறினால்: குளோஷர் (வெளி மாறிகளையும் பிடித்துவைக்கும் ஃபங்ஷன்), அதைப் பிடித்திருக்கும் லிசனர் (ஈவன்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) அர்ரே, அதன் மேலே எல்லா ரிக்வெஸ்டும் பகிரும் ஒரே ரெடிஸ் (மெமரியில் இயங்கும் டேட்டாபேஸ்) கிளையன்ட். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் அதில் ஒரு 'எரர்' லிசனரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறது.

பதினோராவது லிசனரிலேயே நோட் எச்சரித்திருக்க வேண்டும். செட்மேக்ஸ்லிசனர்ஸ்(0), அதாவது லிசனருக்கு வரம்பே இல்லை என்று எழுதி அதன் வாயை அடைத்திருந்தார்கள். இந்த வரி எங்கே இருந்தாலும் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

லிசனரை ஸ்டார்ட்அப்பில் ஒரே ஒருமுறை மாட்டினால் போதும். ரிக்வெஸ்டுக்குள்ளேயே வேண்டுமென்றால், ரெஸ்பான்ஸின் 'க்ளோஸ்' ஈவன்டில் கழற்றுங்கள். ரெஸ்பான்ஸ் முழுதாக அனுப்பியபின் வரும் 'ஃபினிஷ்' ஈவன்டை நம்பாதீர்கள்; ரிக்வெஸ்ட் அனுப்பியவர் பாதியில் துண்டித்தால் அது வராது. கழற்றும்போது மாட்டிய அதே ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும், புதிதாக ஒரு ஆரோ ஃபங்ஷன் எழுதிக் கொடுத்தால் ஒன்றும் கழலாது.

திருத்தியபின் அதே 1013, இம்முறை பாதி இணைப்புகளை நடுவில் அறுத்துவிட்டு. இன்கமிங்மெசேஜ் டெல்டா 0.