கருவாடு எந்தக் கட்டத்தில்?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஐம்புலன்கள் பாடம் எடுக்கும்போது கண், காது, நாக்கு எல்லாம் சுலபமாகப் போய்விடும். மூக்குதான் தகராறு. வாசனையைக் கரும்பலகையில் வரைய முடியாது. அதனாலோ என்னவோ, மூக்குக்கென்று கிடைக்கும் பயிற்சித் தாள்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். இரண்டு கட்டம். ஒன்று நல்ல மணம், மற்றது கெட்ட மணம். ரோஜாவை இந்தப் பக்கமும் குப்பைத்தொட்டியை அந்தப் பக்கமும் கோடு போட்டுச் சேர்த்தால் பாடம் முடிந்தது.

நான் வேலை பார்ப்பது நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரத் தொடக்கப்பள்ளி ஒன்றில். கைக்கு வந்த ஒரு தாளில் மீன் படம் கெட்ட மணத்தோடு சேர வேண்டியதாக இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மீன்தான் பிழைப்பு. ஒரு பாப்பா பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்த மீனு டீச்சர்? இன்னைக்குப் புடிச்சதா, பழசா?" என்றாள்.

நியாயமான கேள்வி. படகிலிருந்து இறக்கிய கையோடு முகர்ந்தால் மீனில் கவுச்சி அவ்வளவாக இருக்காது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, அதன் உடம்பில் இருக்கும் ஒரு பொருளை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. கடல்மீன் கவுச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். புளியோ எலுமிச்சையோ பட்டால் அமிலம் அதைக் காற்றில் கிளம்பவிடாமல் பிடித்து வைத்துவிடும். வேதியியல் ஆறு வயதுக்கு வேண்டாம். மீன் கழுவிய கையில் புளி தேய்க்க வேண்டும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த இரண்டு கட்டங்களை நான் விட்டுவிட்டேன். இப்போது நான் கேட்பது "இது என்ன?", "இதுலேர்ந்து என்ன தெரியுது?" என்ற இரண்டு கேள்விகள்தான். காலி மாத்திரை டப்பாக்களில் ஓமம், காப்பித்தூள், நசுக்கிய பூண்டு, எலுமிச்சைத் தோல், கசக்கிய வேப்பிலை, ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு என்று வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிவிடுவேன். துணி இல்லாவிட்டால் காப்பித்தூள் நேரே மூக்குக்குள் போய்விடும். மிளகுத்தூள் கூடவே கூடாது. கற்பூரமும் பாச்சை உருண்டையும் வாயில் போனால் விஷம், அவற்றை வகுப்புக்குள்ளேயே கொண்டுவருவதில்லை.

பிள்ளைகள் சொல்லும் பதில்தான் வேடிக்கை. ஓம டப்பாவை முகர்ந்ததும் "ஓமம்" என்று சொன்னவர்கள் குறைவு. "எங்க தம்பிப் பாப்பா!" என்றான் ஒருவன். வீட்டில் கைக்குழந்தைக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். காப்பித்தூளுக்கு "பாய் கடை" என்று பதில் வந்தது. பொருளின் பெயருக்கு முன்னால் ஆளும் இடமும் வந்து நிற்கிறார்கள். இதைத் தப்பென்று திருத்த எனக்கு மனசு வராது. மூக்கிலிருந்து போகும் சேதி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. நம் மூக்கில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை. ஒவ்வொரு மணமும் அவற்றில் சிலவற்றைச் சேர்த்துத் தட்டி எழுப்பும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் கூட்டத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்சலுக்கும் 2004-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரஞ்சு மிட்டாய் சாப்பிடும் விளையாட்டு எல்லோருக்கும் பிடிக்கும். பொத்தியிருக்கும் வரை வெறும் இனிப்பும் புளிப்பும்தான். விரலை எடுத்ததும் "ஆரஞ்சு!" என்று கத்துவார்கள். "அப்ப நிலவேம்புக் கஷாயத்தையும் மூக்கைப் புடிச்சிட்டுக் குடிச்சா கசக்காதா?" என்று ஒருவன் கேட்டான். கசப்பு நாக்குடைய விவகாரம், தப்பிக்க வழியில்லை என்றேன். முகம் தொங்கிப்போனது.

சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டனை வேண்டுமென்றே கலக்கிறார்கள். இது 'கெட்ட மணம்' கட்டத்தில் போனால் என்ன பயன்? அந்த வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதே, வெளியே ஓடிப் பெரியவர்களைக் கூப்பிடு என்று நடித்துக் காட்டச் சொல்வேன். அவசர எண் 1906-ஐ வீட்டுக் கதவில் எழுதி வைக்கச் சொல்லி அனுப்புவேன்.

இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இவன் மூக்குலேர்ந்து நாத்தம் வருது" என்றாள். வகுப்பே சிரித்தது. பையன் தலையை முட்டிக்குள் புதைத்துக்கொண்டான். எங்கள் வகுப்பில் 'நீ நாறுற' என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது, அதுவும் கருவாடு காயப்போடும் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும்போது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது மூக்கு மட்டும் கெட்டியாக ஒழுகிக்கொண்டிருந்தது, வலது பக்கம் சுத்தம். வெறும் சளி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவை வரச் சொல்லி, "ஊக்கு, ஹேர்பின் எதையும் விட்டுக் கிண்டாதீங்கக்கா, இன்னும் உள்ள போயிடும்" என்று சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். எடுத்துப் பார்த்தால் மெத்தையிலிருந்து பிய்த்த நுரைத் துண்டு. இதுவே பொம்மையில் போடும் பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே அரித்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுமிக்குத்தான் கைதட்டல். "டாக்டருக்கு முன்னாடி கண்டுபுடிச்சது இவ மூக்கு" என்று சொன்னேன். பையனும் தட்டினான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பள்ளிக்குள் நுழையும்போதே கைக்குட்டையை எடுப்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. "எங்களுக்கு ஏன் டீச்சர் தெரியல?" என்பார்கள். ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும், அவர்கள் வீட்டு வாசனை அவர்களுக்கும் தெரியாது என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் திரும்பிய முதல் வாரத்தில் மட்டும் அந்த வாடை எனக்கே பளிச்சென்று அடிக்கும். பாடத்தை அந்த வாரத்தில்தான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் எறும்பையும் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. சாரை போகும் வழியில் விரலால் குறுக்கே துடைத்தால் எறும்புகள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "எறும்புக்கு மூக்கு எங்க இருக்கு?" என்று நச்சரிக்கிறார்கள். உணர்கொம்பில் என்று சொன்னால் நம்பவில்லை. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டிருக்கிறேன்.